மூன்றாம் தட்டில் இரண்டு குழாய்கள்

என் மகளுக்கு அண்மைக்காலம் வரை இரண்டு விலாசங்கள் இருந்தன. ஒன்று பொரளை மயானத்தில், மதிலை ஒட்டிய வரிசையில். அது அவளுடைய அம்மா போய்வரும் விலாசம். மற்றது அதே பொரளையில், மயானத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்து ஃப்ரீசர்: மூன்றாம் தட்டு, இடது மூலை, நீல மூடிப் பெட்டி. அது நான் போய்வரும் விலாசம். வெள்ளவத்தையில் இரண்டு அறை வாடகை ஃபிளட்டைத் தாண்டி எதையும் தேடிக்கொள்ளாத குடும்பத்துக்கு இது ஆடம்பரம்தான்.

இந்த வருஷம் இரண்டாவது விலாசத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆய்வுகூடம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. பழைய ஃப்ரீசர் எங்களோடு வராது. அதன் மோட்டர் கொஞ்சக் காலமாகவே ஆஸ்துமாக்காரர் படியேறுவதுபோல இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் மேடம், அதாவது ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியை, எல்லோரையும் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார். நடந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சிகளின் குழாய்கள் புது ஃப்ரீசருக்குப் போகும். ஆராய்ச்சி முடிந்துபோன குழாய்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒட்டோக்ளேவுக்குப் போகும். ஒட்டோக்ளேவ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு ஆள் குந்தியிருக்கக்கூடிய பெரிய பிரஷர் குக்கர், அவ்வளவுதான். உள்ளே போகிற எந்தக் கிருமியும் உயிரோடு வெளியே வராது.

சொல்லி முடித்ததும் மேடம் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை, பல வருஷமாக ஒழுகும் ஒரு கறையைத் தவிர. என் குழாய்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். அந்த ஆராய்ச்சி எப்போதோ முடிந்துவிட்டது என்பதும் தெரியும். முடியாதது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் விஞ்ஞானி இல்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர். விஞ்ஞானிகள் யோசிப்பார்கள், நான் கழுவி, கலக்கி, ஊற்றி, எண்ணி, மூடி வைப்பேன். ஆனால் வெள்ளைக் கோட்டை ஒருநாள் மறந்துபோய் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து எங்கள் ஒழுங்கையில் நான் டொக்டர். லிஃப்டுக்குள் வைத்து மூட்டுவலி காட்டுகிறார்கள். புத்தகம் வாசிக்கிற பழக்கமும் இருப்பதால் ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகவே விளங்கிக்கொண்ட ஒரே நோய் என் மகளுடையது. அதையும் அவள் போன பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

மகளைப் பற்றிச் சொல்லாமல் குழாய்களைப் பற்றிச் சொன்னால் விளங்காது. குழாய்களைப் பற்றிச் சொல்வது சுலபம் என்பதால் அங்கிருந்து தொடங்கினேன்.

நான் யாழ்ப்பாணத்துச் சைவம், வெள்ளவத்தைக்கு வந்து ஒட்டிக்கொண்ட வகை. மனைவி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கம், அங்கேயே பிறந்து அங்கேயே ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற வகை. பதிவுத் திருமணம். இரண்டு வீட்டாரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. பிள்ளை பிறந்ததும் ஞானஸ்நானமா, பெயர்வைப்பா என்று இழுபட்டு இரண்டும் நடக்கவில்லை. என் வீட்டில் சம்மதத்துக்கு ‘ஓம்’ என்போம், அவள் வீட்டில் ‘ஆமா’. மகள் வாய் திறந்து எதைச் சொல்லப்போகிறாள் என்பது இரு வீட்டுக்கும் ஒரு தேர்தல். என் அம்மா வந்தால் தொட்டிலுக்கு மேலே குனிந்து, “ஓம் சொல்லுங்கோ ராசாத்தி, ஓம்” என்பார். அடுத்த கிழமை மாமி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து, “ஆமா சொல்லு கண்ணு, ஆமா” என்பார். மகள் இரண்டு கட்சியையும் ஒரே மாதிரிப் பார்த்து, “ம்” என்பாள். அவ்வளவுதான் அவள் கடைசிவரை சொன்னது.

ஒன்றேகால் வயதில் ஒருநாள் காய்ச்சல் வந்தது. சத்தியும் எடுத்தாள், குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மருந்து கொடுத்தோம். பின்னேரம் பாலை வேண்டாம் என்று தட்டிவிட்டு நித்திரையாகிப் போனாள். என் அம்மாவிடம் போனில் கேட்டேன்.

“நித்திரை கொள்ளுற பிள்ளைய எழுப்பிப்போடாதேங்கோ. வயித்துக்கும் ஒரு ஓய்வு தேவைதானே.”

மனைவி தன் அம்மாவிடம் கேட்டாள்.

“தூங்குற புள்ளய யாராச்சும் எழுப்புவாங்களா? காச்சல் தன்னால எறங்கும், விடு.”

இரண்டு வீடும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல்தடவை. உண்மையைச் சொன்னால், எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. டிவியை நிறுத்தினோம். கிறீச்சிடும் கதவுக்குக் கீழே கடதாசி மடித்து வைத்தோம். கடற்கரைப் பக்கத்து ரயிலைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது போகும்போது மனைவி தொட்டிலின் வலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள், சத்தம் வலை வழியாகத்தான் உள்ளே போகும் என்பதுபோல. நாங்கள் இருவரும் குசுகுசுத்துக் கதைத்துக்கொண்டு கால்விரலில் நடந்தோம். விடிந்ததும் எழுப்பினோம். அவள் எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் சீனி இல்லை என்றார்கள். ஏன் இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் ஒருவர் மட்டும் பிடிவாதக்காரர். சில துளி இரத்தத்தை வடிகடதாசியில் ஒற்றிக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். பதில் வருவதற்கிடையில் நாங்கள் மகளைப் பொரளையில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

டொக்டர் சொன்னதை நான் இப்படித்தான் மற்றவர்களுக்குச் சொல்வேன். சமையல் காஸ் கிடைக்காத அந்த வருஷத்தில் வெள்ளவத்தை ஃபிளட்டுகளின் பல்கனிகளில் விறகு மூட்டிச் சமைத்தோமே, உடம்பும் அதைத்தான் செய்யும். சாப்பிட்ட சீனிதான் காஸ். அது தீர்ந்தால் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பை எரிக்கும். அதுதான் விறகு. ஆனால் விறகை அப்படியே அடுப்புக்குள் தள்ள முடியாது. பிளக்க வேண்டும். நடுத்தர நீளமுள்ள கொழுப்பமிலங்களைப் பிளக்கவென்று ஒரு நொதியம் இருக்கிறது. அதன் முழுப்பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதாது. மகளிடம் விறகு நிறைய இருந்தது, கன்னம் முழுக்க விறகு. பிளக்கிற கோடரிதான் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடும்வரை கோடரி இல்லாதது யாருக்கும் தெரியாது. வருத்தம் வந்து, சாப்பாடு நின்று, நீண்ட நித்திரை ஒன்று கொண்டால் தெரியும்.

“இடைக்கிடை எழுப்பி ஏதாவது…” என்று தொடங்கிய டொக்டர் நிறுத்திக்கொண்டார். வசனத்தை முடிக்காத டொக்டர்களில் எனக்கு மதிப்பு உண்டு.

நோய் என்னவென்று தெரிந்ததும் யாருடைய நோய் என்ற கேள்வி வந்தது. என் பக்கத்தில், “எங்கட பரம்பரையில இப்பிடி ஒண்டும் இல்ல. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆரும் விசாரிச்சதே?” என்றார்கள். அவள் பக்கத்தில், “யாழ்ப்பாணத்துல சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி வர்ற வியாதி இதெல்லாம்” என்றார்கள். அம்மாவின் ஜீனும் அப்பாவின் ஜீனும் இரண்டுமே பழுதாக இருந்தால்தான் இந்த நோய் வரும் என்று நான் படம் கீறி விளக்கினேன். படம் நன்றாயிருக்கிறது என்றார் அம்மா.

அப்போதுதான் எங்கள் மேடம், அந்த நொதியத்தின் ஜீனை இங்கேயே வாசித்துப் பார்க்கலாமே என்றார். அதுவரை நான் குளோன் செய்ததெல்லாம் நெற்பயிரின் ஜீன்கள். நெல்லுக்கு மாமி, மருமகன் பிரச்சினை கிடையாது. மூன்று பேருடைய இரத்தத்தையும் எடுத்தோம். மகளுடையது டொக்டர் வைத்திருந்த கடதாசித் துண்டிலிருந்து வந்தது. என் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம்.

மகளின் ஜீனை முதலில் நேரடியாக வாசிக்கப் பார்த்தோம். பாதிவரை ஒழுங்காக வந்தது. பிறகு ஒரே குழப்பம். ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. காரணம் சிக்கலானதல்ல. அவளிடம் அந்த ஜீன் இரண்டு பிரதி இருந்தது, ஒன்று என்னிடமிருந்து, மற்றது மனைவியிடமிருந்து. அதில் ஒன்றில் ஒரு எழுத்து உதிர்ந்துபோயிருந்ததால் அதற்குப் பிறகு இரண்டும் ஒத்து நடக்கவில்லை. சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் கதைத்தால் ஒன்றும் விளங்காது என்பது எனக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான். ஆளுக்கொரு அறையில் இருத்தித் தனித்தனியாகக் கேட்கவேண்டும். குளோன் செய்வதென்பது அதுதான்.

ஜீன் துண்டுகளைச் சிறு வளையங்களில் கோத்து, பற்றீரியாவை ஐஸில் விறைக்க வைத்து, திடீரென்று சுடுநீரில் அமிழ்த்தினால், அது அதிர்ந்துபோய் ஒரு வளையத்தை விழுங்கிவிடும். பிறகு பிளேட்டில், அதாவது உணவுக் கூழ் ஊற்றி இறுகவைத்த வட்டத் தட்டில், பூசி விட்டால் மறுநாள் புள்ளி புள்ளியாக முளைக்கும். வெறும் வளையத்தை விழுங்கியது நீலப் புள்ளி. நம் துண்டைச் சேர்த்து விழுங்கியது வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு வெள்ளைப் புள்ளிக்குள்ளும் இரண்டு பிரதிகளில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும்.

அந்த பிளேட்டுகளை ஊற்றித் தந்தவர் எங்கள் ஆய்வுகூடத்தின் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். தெமட்டகொடைக்காரர். கிருமி நீக்கல் முழுவதும் அவர் பொறுப்பு, ஒட்டோக்ளேவும் அவருடைய ராச்சியம். ஐம்பதைத் தாண்டிய என்னைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். மறுநாள் காலையில் எனக்கு முன்பே வந்து இன்குபேட்டரைத் திறந்து பார்த்திருந்தார்.

“தம்பி, வந்து பாருங்க. நீலமெல்லாம் சும்மா ஆக்கள். வெள்ளயெல்லாம் ஒங்கட புள்ள.”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. நான் சிரித்தேன். பிறகு கைகழுவும் இடத்துக்குப் போய்க் கனநேரம் கை கழுவினேன்.

வெள்ளைப் புள்ளிகளைப் பல்லுக்குத்தும் குச்சியால் தொட்டெடுத்து வளர்த்து வாசித்தோம். இரண்டு வகைதான். ஒன்றில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அது மனைவியின் இரத்தத்திலும் இருந்தது. ஏற்கனவே உலகத்தில் பல பேரிடம் கண்டுபிடித்த பழுது. மற்றதில் ஒரு எழுத்தையே காணவில்லை. அது என்னுடையது. மேடம் தேடிப் பார்த்துவிட்டு, இதை இதுவரை எங்கேயும் யாரும் கண்டதாகத் தெரியவில்லை என்றார். எங்கள் பரம்பரையில் எத்தனையோ பேர் கவிதை எழுதினார்கள், பட்டிமன்றம் பேசினார்கள். சொந்தமாக ஒன்றைச் செய்தவன் நான்தான்போலும், அதுவும் ஒன்றை விட்டுவிட்டு.

மனைவியிடம் சொன்னேன். கணக்கு ரீச்சர், எனக்கு முதலே கணக்குப் போட்டுவிட்டாள்.

“நாலுல ஒண்ணு.”

“ஓம். எண்டால் நாலில மூண்டு நல்லாயிருக்கும். இன்னொண்டு பெறலாம்…”

“காசச் சுண்டினா, முந்தி என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கும்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு குழாய்களைத் தயார்செய்தேன். பற்றீரியாவைக் கொஞ்சம் கிளிசரினோடு கலந்து ஆழ்குளிரில் வைத்தால் எத்தனையோ வருஷம் தூங்கும். தேவைப்படும்போது எழுப்பலாம். ஒரு குழாயில் என் பக்கம், மற்றதில் அவள் பக்கம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். அதற்குப் பிறகு எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. சடங்கு செய்கிற அளவுக்கு அந்தப் பிள்ளை இங்கே இருக்கவில்லை என்பது நியாயம். மனைவி தன்பாட்டில் ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைகளில் கோயிலில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி, அங்கிருந்து பஸ் பிடித்துப் பொரளைக்கு வந்து மகளுக்கு ஒரு மெழுகுதிரி. நான் அங்கே போவதில்லை. வெயில் என்பேன், வேலை என்பேன், பஸ் நெரிசல் என்பேன். என் வேலைத்தலத்திலிருந்து நடந்துபோகும் தூரம்.

எனக்கும் ஒரு முறை உண்டாயிற்று. வருஷத்துக்கொருமுறை, அவள் போன நாள் வருகிற அந்தக் கிழமையில், நீல மூடிப் பெட்டியைத் திறந்து இரண்டு குழாய்களிலுமிருந்து ஒவ்வொரு கீறல் எடுத்து ஒரு பிளேட்டில் பூசுவேன். கேட்டால் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அது ஆய்வுகூட வழக்கம்தான், யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள். மறுநாள் பிளேட்டின் ஒரு பாதியில் என் பக்கத்து வெள்ளைப் புள்ளிகள், மறுபாதியில் அவள் பக்கத்தவை. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னேரம் நானா பிளேட்டை எடுத்துக்கொண்டு போவார். எங்கே என்று நான் கேட்பதில்லை. குழாய்கள் திரும்பத் தூங்கப் போய்விடும்.

நாடு முழுவதும் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷத்தில் ஃப்ரீசருக்கும் ஆபத்து வந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. உலர்பனி எங்கே தேடியும் இல்லை. நான் வெள்ளவத்தை மார்க்கட்டுக்குப் போய், சிங்களம் கலந்து தமிழ் பேசும் மீன்காரரிடம் ஐஸ் கேட்டேன்.

“என்ன மீன் அய்யே, பாரையா?”

“மீன் வேண்டாம். ஐஸ் மட்டும்.”

“ஐஸை மட்டும் கொண்டுபோய் என்ன செய்யப்போறீங்க?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஆழ்குளிர் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் மீன்கடை ஐஸ் என்பது வெந்நீர் மாதிரி. இந்த நாட்டில் அதை நன்றாக அறிந்த சிலரில் நான் ஒருவன். இருந்தும் இரண்டு யூரியாப் பை நிறைய வாங்கிக்கொண்டு முச்சக்கரவண்டியில் பொரளைக்குப் போனேன். நானா பைகளை வாங்கி ஃப்ரீசரின் வெளிப்பக்கத்தில் சாய்த்து வைத்தார், வீட்டுக்கு வந்த மாமனாரை இருத்துவதுபோல. ஒருவேளை ஃப்ரீசரின் கதவை யாரும் திறக்காததால் தப்பியிருக்கலாம். கரண்ட் வந்த பிறகு பூசிப் பார்த்தேன். இருபக்கமும் முளைத்தன.

அன்றைக்குச் சட்டையெல்லாம் மீன்வாடையோடு வீட்டுக்குப் போனதால் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது. அவள் மண்ணெண்ணெய் அடுப்பில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“அதுக்குள்ள என்ன இருக்கு?”

“பிள்ளையின்ட ஜீன்.”

“நல்ல ஜீனா?”

“இல்ல. பழுதான துண்டு.”

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“நான் புள்ளகிட்ட போறேன். நீங்க அவளக் கொண்டுபோனதுகிட்ட போறீங்க. அதுக்குப் போய் ஐஸ் வாங்கியிருக்கீங்க.”

பல புத்தகங்கள் வாசித்தவன் நான். மீன்வாடைச் சட்டையைக் கழற்றி வாளியில் ஊறப்போட்டேன். அதன் பிறகு அந்தக் குழாய்களைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை. அடுத்த வருஷமும் பூசினேன். அதற்கடுத்த வருஷமும்.

ஆகவே மேடத்தின் அறிவித்தலுக்குப் பிறகு வீட்டுக்குப் போனபோது எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சாதாரண தர வகுப்புத் தாள்கள். மகள் இருந்திருந்தால் பதினாறு வயதாகி இந்த வருஷம் அந்தப் பரீட்சை எழுதியிருப்பாள். அதை இரண்டு பேருமே சொல்வதில்லை.

“ஃப்ரீசர் மாத்துகினம். அந்த ரெண்டு குழாயையும் அழிக்கச் சொல்லுகினம்.”

“அழிங்க.”

“ஒட்டோக்ளேவில போடவேணும். எரிக்கிற மாதிரித்தான். எங்கட பக்கத்தில சின்னப் பிள்ளையள எரிக்கிறேல்ல.”

அவள் சிவப்புப் பேனையை மூடினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

“அது புள்ள இல்லைங்க,” என்றாள், கடைசி வாங்கிலிருக்கும் மாணவனுக்குச் சொல்வதுபோல, பொறுமையாக. “புள்ளைக்கு இல்லாமப் போனது அது. அவ சிரிச்சது அதுல இருக்கா? ம்முனு சொன்னது இருக்கா?”

“இல்ல.”

“என்னைக்கு அழிக்கணும்?”

“வெள்ளிக்கிழமை.”

“நானும் வர்றேன். ஸ்கூல் விட்டு நேரா வந்துடுறேன்.”

வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை பூசினேன். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்று இந்தத் தடவை சொல்ல முடியாது. மறுநாள் சாகப்போகிறவற்றின் உயிரைப் பரிசோதிக்கிற ஆய்வுகூட வழக்கம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் பாடசாலைச் சேலையோடேயே வந்தாள். கையில் சோக்குத் தூள். நானா ஜும்ஆத் தொழுகை முடிந்து தொப்பியோடு நின்றார்.

“வாங்க தங்கச்சி, இதுல ஒக்காருங்க,” என்று தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த ஸ்டூலில் நான் இருந்தால் எழுப்பிவிடுவார். மேடம் வந்து மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு தன் அறைக்குப் போனார்.

பிளேட்டை எடுத்து வந்து, மூடி திறக்காமல், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அவள் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக் குனிந்தாள்.

“இவ்வளவுதானா?”

“ஓம்.”

“இதுல எது என்னோடது?”

“இந்தப் பாதி. மற்றது என்ட.”

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிளேட்டைத் தன் கையில் வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

“ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு.”

“ஓம். பார்வைக்கு ஒரே மாதிரித்தான்.”

“ஒங்க அம்மா இதப் பாத்திருக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அம்மா போய்ச் சில வருஷமாகிறது. கடைசிவரை கொட்டாஞ்சேனைதான் காரணம் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாகப் போனவர். சிரிப்பு முடிந்த பிறகும் மனைவி பிளேட்டைத் தரவில்லை. மூடியின் மேல் விரலால் மெதுவாகத் தடவினாள். அவளுக்கு அது பிள்ளை இல்லை என்று தெரியும். எனக்கு விளக்கிச் சொன்னவளே அவள்தான். இருந்தாலும் அவள் விரல் தடவியது.

“சின்னதாத்தான் இருக்கு,” என்றாள்.

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கனவே சரியாக இருந்த ஒரு திருகாணியைத் திரும்பவும் இறுக்கினார்.

நீல மூடிப் பெட்டியிலிருந்து இரண்டு குழாய்களையும் எடுத்தேன். விரலில் ஒட்டிக்கொள்ளும் குளிர். மூடிகளில் என் கையெழுத்து மங்கியிருந்தது. நானா மஞ்சள் பையை விரித்துப் பிடித்தார். என்னுடையதைப் போடப் போனபோது மனைவி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

“அது என்ட.”

“தெரியும். ஒங்களோடத நான் போடுறேன். என்னோடத நீங்க போடுங்க.”

அவள் போட்டாள். நான் போட்டேன். பிளேட்டை இருவரும் சேர்ந்து வைத்தோம். நானா வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பையைக் கட்டி உள்ளே இறக்கி, கனத்த மூடியை இழுத்துச் சாத்தி, கைபிடிகளை எதிரெதிராக ஒவ்வொன்றாய் முறுக்கினார்.

“எவ்வளவு நேரம் எடுக்கும்?” என்று மனைவி கேட்டாள்.

“சோறாக்குற நேரம்தான் தங்கச்சி. நான் நிக்கிறன். நீங்க ரெண்டு பேரும் போங்க.”

நீராவி ஏறத் தொடங்கியது. எனக்கு நிற்க வேண்டும்போல இருந்தது. யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்பதுதான் முறை என்று தோன்றியது. மனைவி என் கோட்டின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“அவர் நிக்கிறார்ல. வாங்க.”

வெளியே நாலுமணி வெயில். பொரளைச் சந்தியின் பஸ்களெல்லாம் வழக்கம்போல ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. நான் வெள்ளவத்தை பஸ் நிற்கும் பக்கம் திரும்பினேன். அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். கொஞ்சத்தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மயான வாசலைத் தாண்டியதும் எனக்கு வழி தெரியவில்லை. மதிலோரம் என்று ஞாபகம். எந்த மதில்? பூச்செடியெல்லாம் மரமாகியிருந்தது. சிலுவைகளுக்கும் சமாதிகளுக்கும் நடுவே நான் இரண்டு தடவை தவறான பாதையில் இறங்கினேன். இரண்டு தடவையும் அவள் நின்று காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் நடந்து நடந்து அவள் காலுக்கு அந்த இடம் முழுவதும் பாடமாகியிருந்தது. எந்தக் கல் ஆடும், எங்கே புல்லுக்குள் குழி என்பதெல்லாம் பார்க்காமலே விலகி நடந்தாள்.

இடம் மிகச் சிறியது. அதை மறந்திருந்தேன். சிறு மேடை, சுற்றிவர வெள்ளையடித்த விளிம்பு, பழைய மெழுகு உருகிக் கட்டியான கறைகள். அவள் கைப்பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தினாள். காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். நான் கையால் மறைத்துப் பிடித்தேன்.

மெழுகு உருகி மேடையில் விழுந்தது. நான் அவள் காதருகே குனிந்து, “தண்ணிப் போத்தல் வச்சிருக்கிறியே?” என்று கேட்டேன்.

“ஏன் மெதுவாக் கதைக்கிறீங்க?”

அவள் கேட்கும்வரை எனக்கே தெரியாது. வாசலிலிருந்து அந்த இடம்வரை நான் குசுகுசுத்துத்தான் கதைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கால்விரலில் நின்றுகொண்டிருந்தேன்.

“சத்தமாக் கதைங்க,” என்றாள் மனைவி. “இங்க எப்பவும் நான் சத்தமாத்தான் கதைப்பேன். எழும்பினா எழும்பட்டும்.”

குதிக்காலை நிலத்தில் வைத்தேன். தொண்டையைச் செருமினேன். வந்ததைச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

“பிள்ளை, அப்பா வந்திருக்கிறன்.”

தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த மனிதர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.